பானவில் உப்புத்தரைக்கு ஒரு 1932 ஃபோர்டு: மாடல் கிட்டில் எதை வெட்டுவது, எதை விடுவது?

கேள்வி: 1/25 அளவில் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் (கூரையில்லாத கார்) கிட் ஒன்று வாங்கியிருக்கிறேன். பெட்டிப் படத்தில் இருக்கும் தெருக் காராக இல்லாமல், அமெரிக்காவின் பானவில் உப்புத்தரையில் ஓடும் வேகப் பந்தயக் காராகக் கட்ட ஆசை. சக்கரம், உயரம், எழுத்துகளை எப்படி மாற்றுவது? அடித்தளத்துக்குச் சமையல் உப்பையே தூவலாமா?

பதில்: பிளேடை எடுப்பதற்கு முன் ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுங்கள். யூட்டா மாநிலத்து பானவில்லில் 'ஸ்பீட் வீக்' பந்தயம் 1949-ல் தொடங்கியது, 1932 ஃபோர்டு இன்றும் அங்கே ஓடுகிறது. ஆனால் 1950-ல் ஓடிய காரும் இன்று ஓடும் காரும் வேறு வேறு. இன்றைய காரில் ஓட்டுநரைச் சுற்றி முழு இரும்புக் கூண்டும், பின்னால் பாராசூட் பையும் இருக்கும். 1950-களின் தொடக்கத்துக் காரில் தலைக்குப் பின்னால் ஒற்றை வளைவுக் குழாய், போரில் மிஞ்சிய விமானத்திலிருந்து கழற்றிய அலுமினிய இருக்கை, ஃபோர்டின் ஃபிளாட்ஹெட் வி8 எஞ்சின் (தட்டைத் தலைமூடி கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சின்), அவ்வளவுதான். இரண்டையும் கலந்தால், எவ்வளவு சுத்தமாகக் கட்டினாலும் பார்வையாளர் கண்ணுக்கு ஏதோ உறுத்தும். முதல் முயற்சிக்கு நான் 1950-களின் தொடக்கத்தையே சொல்வேன். வேலை குறைவு, அழகு அதிகம்.

இந்த வேலையில் பெரும்பகுதி கழிப்பதுதான். மட்கார்டு, ஹெட்லைட், பம்பர், முன்கண்ணாடி என்று காற்றைத் தடுக்கும் எதுவும் வேண்டாம். ஓட்டுநருக்குப் பக்கத்து இடத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரத்தில் 0.5 மி.மீ. துளைகளை வரிசையாக இட்டால் திருகிப் பொருத்திய தகடு மாதிரி இருக்கும். கிட்டின் குரோம் பாகங்களை வீட்டு பிளீச்சில் ஊறப்போட்டால் மினுமினுப்பு கரைந்துவிடும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேறு எந்த ரசாயனத்தோடும் பிளீச்சைக் கலக்காதீர்கள்.

உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு: 1/25 அளவில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 25 மி.மீ., ஏறக்குறைய ஓர் அங்குலம். முன் அச்சின் மேலே குறுக்காக இருக்கும் பட்டை ஸ்பிரிங் வந்து உட்காரும் இடத்தை அரத்தால் 2 மி.மீ. ராவினால், மூக்கு இரண்டு அங்குலம் தாழ்ந்துவிடும். பெரும்பாலும் அதுவே போதும். தரையோடு தரையாக இறக்குவது கண்காட்சிக் காரின் பாணி. உப்புத்தரையில் ஸ்பிரிங் அசைய இடம் வேண்டும். இன்னும் தாழ்வாக வேண்டுமென்றால் தரைப்பலகையை வெட்டி, உடலைச் சட்டத்தின் மேல் இறக்கலாம். ஆனால் 1932 ஃபோர்டின் பக்கச் சட்டத்தில் இருக்கும் அந்த அழகான வளைகோடு மறைந்துபோகும். எனக்கு மனசு வராது.

சக்கரத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். வேகக் கார் என்றதும் கிட்டில் இருக்கும் அகலமான டிராக் டயரைப் பின்னால் மாட்டிவிடுகிறார்கள். டிராக் பந்தயம் கால் மைல் பாய்ச்சல், அங்கே பிடிமானம் முக்கியம். பானவில் மைல் கணக்கில் நீளும் ஓட்டம். அகலமான டயர் காற்றை எதிர்க்கும். தடித்த டிரெட் (தரையில் படும் வரிவரியான ரப்பர்) மேல்வேகத்தில் மையவிலக்கு விசையால் பிய்ந்து பறக்கும். அதனால் நிஜக் காரில் டயர் ஒல்லியாக, டிரெட் மிக மெல்லிசாக இருக்கும். பின் டயர் உயரமாக இருக்கும், ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போக வேண்டுமே. கிட்டிலோ உதிரிப் பெட்டியிலோ இருக்கும் ஒல்லி டயர்களை எடுத்து, டிரெட்டை உப்புக்காகிதத்தால் தேயுங்கள். வரி லேசாகத் தெரிந்தால் போதும்.

சக்கரத்தை மூடும் வட்டத் தகட்டுக்கு 'மூன் டிஸ்க்' என்று பெயர், அதை விற்றுப் புகழ்பெற்ற டீன் மூன் பெயரால். பழைய குளிர்பான டின்னின் அலுமினியத்தை விட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. ரிம்மின் வெளி விட்டத்தைக் காலிப்பரால் அளந்து, வட்ட வெட்டியால் நறுக்குங்கள். 16 அங்குல ரிம்முக்குச் சுமார் 17 மி.மீ. வரும். ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, உருண்டை முனையுள்ள கருவியால் நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி அழுத்தினால் மெல்லிய குமிழ் வரும். அவசரப்பட்டால் சுருங்கிவிடும். விளிம்பில் மூன்று திருகுப் புள்ளிகள் போதும்.

பின்னால் ஒரு தள்ளு கம்பி கட்டாயம் வையுங்கள். உச்ச வேகத்துக்கு அமைத்த கியரில் கார் தானாகக் கிளம்பத் திணறும். வேறொரு வண்டி பின்னாலிருந்து தள்ளிக் கிளப்பும். 1 மி.மீ. பேப்பர் கிளிப் கம்பியே சரியான தடிமன். இன்றைய காராகக் கட்டினால் பாராசூட் பையை எம்-சீலில் உருட்டி, காய்வதற்குள் துணி மடிப்புகளைக் கீறுங்கள்.

எழுத்துகள்: கதவில் காரின் எண்ணும், அது ஓடும் பந்தயப் பிரிவைக் குறிக்கும் எழுத்துகளும் வரும். இன்றைய விதிப்படி 1932 முதல் 1953 வரையான ஃபோர்டு, மெர்க்குரி கார்களின் ஃபிளாட்ஹெட் வி8-க்கு 'எக்ஸ்எஃப்' (XF) பிரிவு. பழைய காருக்கு இதைப் போடாதீர்கள், அதே வருடத்துப் புகைப்படத்தில் இருப்பதையே பின்பற்றுங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் டெகால் (நீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) அச்சடித்தால், தண்ணீரில் போடுவதற்கு முன் கிளியர் லாக்கர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மை கரையும். அந்தப் பிரிண்டருக்கு வெள்ளை வராது என்பதால் கரும் நிற உடலில் வெள்ளை எண்ணைத் தூரிகையாலேயே எழுதுங்கள். அக்காலத்தில் கையால்தான் எழுதினார்கள், கொஞ்சம் கோணினாலும் பொருந்தும். மழைக்காலத்தில் லாக்கர் ஸ்ப்ரே வேண்டாம், ஈரப்பதத்தில் பூச்சு வெளுத்துப் படலம் கட்டும்.

இனி உப்பு. சமையல் உப்பு வேண்டாம். ஈரக் காற்றில், அதுவும் கடலோர ஊர்களில், அது நீர்விட்டு பெயின்டையும் உலோகக் கம்பிகளையும் கெடுக்கும். அளவும் பொருந்தாது: அரை மில்லிமீட்டர் உப்புக்கல் இந்த அளவில் கொண்டைக்கடலை பருமனுக்கு நிற்கும். வால் புட்டியை மெல்லிசாகப் பரப்பி, பாதி காய்ந்ததும் ஒழுங்கற்ற பலகோண வரப்புகளை நெருடி எழுப்புங்கள். தூய வெள்ளை அடிக்காமல் சாம்பல் ஒரு துளி சேருங்கள். நடுவே ஒரு கறுப்புக் கோடு இழுத்தால் ஓடுபாதை கிடைத்துவிடும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினார்கள்.

காரின் மேல் பூசும் அழுக்கும் இடத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவின் எல் மிராஜ் ஏரிப்படுகை என்றால் வெளிர் பழுப்பு மண்தூசி உடல் முழுக்கப் படியும். பானவில் என்றால் ஈர உப்பு அடிப்பக்கத்திலும் டயருக்குப் பின்னாலும் கட்டியாக அப்பியிருக்கும், மேலுடல் ஏறக்குறைய பளபளப்பாகவே இருக்கும். புட்டித் தூளை மேட் வார்னிஷில் குழைத்து, பழைய தூரிகையால் அச்சுக்குப் பின்புறம் குத்திக் குத்தி அப்புங்கள். காரைத் தளத்தில் ஒட்டிவிட வேண்டாம். பின் அச்சுக்கு அடியிலிருந்து ஒரு சிறு திருகு போட்டால் பிடித்து நிற்கும், தேவைப்படும்போது கழற்றி அடிப்பக்க வேலையையும் காட்டலாம்.