தலையணை உறையின் ஓரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மா இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அவரைப் பற்றி ஒரு கதை எழுத உட்கார்ந்தால், வாழ்வையும் சாவையும் பற்றி எங்கோ படித்த தத்துவங்களே வந்து விழுகின்றன. உண்மையில் என் மனத்தில் நிற்பது ஒன்றுதான்: கடைசி வாரத்தில் அவர் தலையணை உறையின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டே இருந்தார். இதை எழுதினால் இலக்கியம் ஆகுமா?

க.

அன்புள்ள க.,

ஆகும். அதைத்தான் எழுத வேண்டும்.

டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’வில் இருநூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். தலைப்பு உள்ளது ஒன்றே ஒன்றுக்குத்தான்: ‘மரணம்’. நாவலின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவரான லெவினின் அண்ணன் நிக்கோலாய் காசநோயில் கிடக்கிறார். மரணத்தைப் பற்றிப் பெரிய அறிஞர்கள் எழுதியதையெல்லாம் படித்திருந்தும், அந்த அறையில் என்ன செய்வதென்று லெவினுக்குத் தெரியவில்லை. அவருடைய இளம் மனைவி கிட்டிக்குத் தெரிகிறது. அறையைச் சுத்தம் செய்ய வைக்கிறாள், விரிப்பை மாற்றுகிறாள், தலையணையைத் தட்டித் திருப்பிப் போடுகிறாள். பிறகு, நிக்கோலாயுடன் வாழ்ந்துவந்த மரியா, அவர் தம்மையே பிடித்து இழுக்கத் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறாள். எப்படி என்று லெவின் கேட்க, தன் கம்பளி உடையின் மடிப்புகளை இழுத்துக் காட்டுகிறாள். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிடுவேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோதும் அந்தக் கைதான் கண்முன் வந்தது.

அந்த அத்தியாயம் முடியும்போது கிட்டி கருவுற்றிருப்பது தெரியவருகிறது. சாவும் பிறப்பும் ஒரே அறை வாசலில் நிற்கின்றன. ஆனால் விரிப்பும் தலையணையும் இல்லாமல் அந்த வரி மட்டும் வந்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

என் அப்பா இறந்தபின் நான் எழுதிய முதல் கதையில் மரணம் பற்றி ஒரு பக்கம் முழுக்கத் தத்துவம் இருந்தது. இன்று எடுத்துப் படித்தால் அதில் அப்பா எங்குமே இல்லை. வேட்டி நுனியால் அவர் கண்ணாடியைத் துடைக்கும் விதம்கூட இல்லை. அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவசரப்படாதீர்கள். டால்ஸ்டாயின் சொந்த அண்ணன் நிக்கோலாயும் காசநோயால் இறந்தவர்தான், 1860இல், தம்பி அருகில் இருக்கையில். இந்த நாவல் வெளிவரத் தொடங்கியது 1875இல். உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது.

அம்மா எந்தக் கையால் நீவினார்? உறை என்ன நிறம்? அப்போது நீங்கள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினீர்களா, விட்டுவிட்டீர்களா? முதலில் இவற்றை எழுதி வையுங்கள்.