சப்போஸ், அஸ்யூம், இமேஜின்: எதை எங்கே சொல்வது?

கேள்வி: இமேஜின், சப்போஸ், அஸ்யூம், ஸ்பெகுலேட் என்று எதைத் தேடினாலும் அகராதியில் ‘நினை’, ‘ஊகி’, ‘கற்பனை செய்’ என்றே வருகிறது. எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வது?

கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் ஆறு வருடமாக வரவேற்பு மேசையில் இருக்கிறேன். இதில் ஒரு சொல்லைத் தப்பாக எழுதி ஒருவர் மனதை நோகடித்திருக்கிறேன், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு மே மாத சீசன். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த வயதான தம்பதி அறை பதிந்திருந்தார்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை. “ஐ அஸ்யூம் யூ ஆர் நாட் கமிங்” என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ‘நீங்கள் வரவில்லை போலிருக்கிறதே’ என்று கேட்பதாகத்தான் நினைத்து எழுதினேன். அவர்களோ வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில், சிக்னல் இல்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். இறங்கியதும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, “நாங்கள் வரமாட்டோம் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்களா?”

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது, நாம் அகராதியில் தேடுவதே தப்பான இடத்தில். ஆங்கிலம் எத்தனை நிச்சயம் என்பதைப் பெரும்பாலும் தனித்தனி வினைச்சொல்லில் வைக்கிறது, நாமோ அதை வினையின் வாலில் வைக்கிறோம். ‘வந்திருப்பார்’, ‘வந்திருக்கலாம்’, ‘வந்துவிட்டாரோ என்னவோ’ இந்த மூன்றும் ஒன்றில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு போனால் ஆங்கிலச் சொல் தானாக அமையும்.

‘வை’ என்ற ஒரே வினையைப் பாருங்கள். ‘மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம்’, இது சப்போஸ். நீங்களும் நானும் சேர்ந்து, பேச்சுக்காக ஒன்றை நடுவில் வைக்கிறோம், பேச்சு முடிந்ததும் எடுத்துவிடலாம். லத்தீன் மூலத்திலும் அந்தச் சொல்லுக்கு ‘கீழே வைப்பது’ என்றுதான் பொருள், அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ‘அவர் வரமாட்டார் என்று வைத்துக்கொண்டேன்’, இது அஸ்யூம். யாரையும் கேட்காமல், கையில் ஆதாரம் இல்லாமல், நானே எடுத்து வைத்துக்கொண்டு அதன்மேல் காரியமும் செய்துவிட்டேன். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது நியாயம்தானே?

சப்போஸ் நம் பேச்சுத் தமிழிலேயே கலந்துவிட்டது. “சப்போஸ் பஸ் வரலேன்னா?” என்று எல்லோரும் கேட்கிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ‘சப்போஸ் இஃப்’ என்று எழுதிவிடுகிறோம். இஃப் தேவையில்லை, சப்போஸுக்குள்ளேயே அது இருக்கிறது. அப்புறம் ‘சப்போஸ்ட் டு’ முற்றிலும் வேறு: “த பஸ் இஸ் சப்போஸ்ட் டு கம் அட் நைன்” என்றால் ஒன்பதுக்கு வர வேண்டிய பஸ், வருமா என்பது அடுத்த பேச்சு. ஒருவர் இழுத்தாற்போல “ஐ சப்போஸ் ஸோ” என்றால் அரை மனதாக ‘சரி, அப்படியே இருக்கட்டும்’ என்கிறார், அதை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இமேஜின் என்றதும் கற்பனை என்று ஓடவேண்டாம். மனதில் படமாகப் பார்ப்பது ஒரு பொருள், சரிதான். ஆனால் “ஐ இமேஜின் யூ ஆர் டயர்ட்” என்றால் ‘களைத்திருப்பீர்கள்’, அவ்வளவுதான். மலையேறி வந்தவரிடம் சொல்ல இதைவிட இதமான வாக்கியம் ஆங்கிலத்தில் எனக்குத் தெரியாது.

பிரிஸ்யூம் அஸ்யூமுக்கு அக்கா மாதிரி, கொஞ்சம் ஆதாரம் வைத்துக்கொண்டு பேசும். 1871இல் ஆப்பிரிக்காவின் டாங்கனீக்கா ஏரிக்கரையில், தொடர்பற்றுப் போயிருந்த பயணி லிவிங்ஸ்டனைத் தேடிப்போன பத்திரிகையாளர் ஸ்டான்லி, “டாக்டர் லிவிங்ஸ்டன், ஐ பிரிஸ்யூம்?” என்று கேட்டதாகப் பிரபலமான வரி உண்டு. அந்த ஊரில் வேறு எந்த ஐரோப்பியரும் இருக்க வாய்ப்பில்லாதபோது ‘நீங்கள்தானே லிவிங்ஸ்டன்’ என்று கேட்பது அந்த பிரிஸ்யூம். ஆனாலும் இதுவும் விறைப்பான சொல், விருந்தாளிகளுக்கு நான் எழுதமாட்டேன்.

ஸ்பெகுலேட் என்பதன் வேரில் லத்தீனில் காவல் கோபுரம் இருக்கிறது. எங்கள் ஊரில் மலை விளிம்பை ஒட்டிப் போகும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் மூடுபனிக்குள் நின்று, கீழே தெரிவது பெரியகுளமா வெறும் மேகமா என்று பேசிக்கொண்டிருப்பதுதான் அது: தூரத்தில் பார்வை, கையில் ஒன்றுமில்லை. விலை ஏறும் என்று நம்பி நிலம் வாங்கிப் போடுவதற்கும் அதே சொல்தான், இங்கே மலையில் அதை நிறையக் கேட்கலாம். ஆனால் குறிஞ்சி எப்போது பூக்கும் என்று விருந்தாளி கேட்டால் ஸ்பெகுலேட் பொருந்தாது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, பன்னிரண்டு வருடக் கணக்கு இருக்கிறது, அதனால் “வி எக்ஸ்பெக்ட் இட் இன் 2030” என்கிறேன்.

அஸ்யூம் இருந்த இடத்தில் இப்போது வொண்டர் எழுதுகிறேன், வாலில் வரும் நம் ‘ஓ’வுக்கு மிக நெருக்கமான சொல் அதுதான். “ஐ வாஸ் வொண்டரிங் வென் யூ மைட் அரைவ்”, அதாவது ‘எப்போது வருவீர்களோ’. இப்படி எழுத ஆரம்பித்த பிறகு, மலைப்பாதையில் எங்காவது சிக்னல் கிடைத்தவுடன் பெரும்பாலானவர்கள் பதில் போட்டுவிடுகிறார்கள்.