கோழி எருவை மட்டும் வைத்து கேஸ் எடுத்தால் பண்ணையின் கரண்ட் பில் குறையுமா?

5,000 முட்டைக்கோழி இருக்கு, மாடு கிடையாது, கோழி எருவை மட்டும் போட்டு கோபர் கேஸ் எடுத்து கரண்ட் பில்லைக் குறைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. எனக்கு முன்னாடி எழுதினவர் ஒருத்தர் "கோழி எருவுல கேஸ் வராது, காசைக் கரியாக்காதீங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டாரு. அதைப் படிச்சதும் பொறுக்கல, அதான் உட்கார்ந்து எழுதுறேன். கேஸ் வரும். எங்க பண்ணையில தினமும் எரியுது. ஆனா கரண்ட் பில்லை மனசுல வச்சு மட்டும் போடுறதா இருந்தா வேண்டாம்னுதான் நானும் சொல்லுவேன். நாங்க போட்டது ஈத்தொல்லைக்காக.

உங்க பண்ணையும் ஊரை ஒட்டித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். ஆரம்பிக்கும்போது ஊருக்கு வெளியே இருந்திருக்கும், அப்புறம் வீடுங்க பக்கத்துல வந்திருக்கும். எங்களுக்கு அப்படித்தான். திருநெல்வேலியில இருந்து சங்கரன்கோயில் போற ரோட்டுல, மானூர் பக்கம் மானாவாரி பூமி. எங்க மாமா, வீட்டுக்காரரோட அப்பா, கூண்டு போட்டப்ப சுத்தி உடைமரம்தான். இப்போ ஒரு தெருவே இருக்கு.

முட்டைக்கோழிப் பண்ணையில கூண்டுக்கு அடியில எரு விழுந்து மாசக்கணக்கா மேடு கட்டும். காய்ஞ்ச எருவை வாழைக்காரங்க லோடு கணக்குல வாங்கிட்டுப் போவாங்க, சேரன்மகாதேவி, பத்தமடை வரைக்கும் போகும். காய்ஞ்சு கிடக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. ஒரு சித்திரையில கோடை மழை சாரல் அடிச்சு எரு மேடு நனைஞ்சுது. பத்து நாள் கழிச்சு கிளம்பின ஈயை வார்த்தையில சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்து அம்மன் கோயில் கொடை. சாப்பாட்டுப் பந்தியில இலை தெரியாத அளவுக்கு ஈ. ஊர்ப் பெரியவங்க நாலு பேர் வீட்டுக்கே வந்துட்டாங்க. "அண்ணாச்சி, நாங்களும் பொறுத்துப் பொறுத்துதான் பார்த்தோம். அடுத்த கொடைக்குள்ள ஒரு வழி பண்ணுங்க, இல்லன்னா பண்ணைய மாத்திருங்க"ன்னு சொன்னாங்க. மாமா தலை குனிஞ்சு நின்னதை அன்னைக்குத்தான் பார்த்தேன். அதைவிட எனக்கு வலிச்சது எதிர்த்த வீட்டுப் பொண்ணு சொன்னது: "மயினி, பிள்ளைக்குப் பாலை ஆத்தி ஒரு நிமிசம் கீழ வைக்க முடியல. நீங்களே வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். பதில் சொல்ல வாய் வரல.

மருந்து அடிச்சோம், எருவுல ஈப்புழு வளராம இருக்கத் தீவனத்துல கலக்கிற மருந்தும் போட்டோம். குறையும், திரும்ப வரும். ஈரமான எருவுல ஈ முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாகிப் பறக்க வெயில் காலத்துல ஏழு முதல் பத்து நாள் போதும். அந்த நாளுக்குள்ள எரு கூண்டுக்கு அடியில இருந்து கிளம்பி மூடின தொட்டிக்குள்ள போயிடணும். அப்படிப் போனா ஈ பிறக்க இடமே இல்லை. கேஸ் தொட்டி யோசனை இங்க இருந்துதான் வந்துச்சு.

இப்போ உங்க "மட்டும்"கிற கேள்விக்கு வர்றேன். கோழிக்கு மூத்திரம் தனியா கிடையாது, எச்சத்துல வெள்ளையா இருக்கே, அந்த யூரிக் அமிலம்தான் அது. தண்ணியில கரைச்சு மூடி வச்சா அது அம்மோனியாவா மாறும். அம்மோனியா ஒரு அளவுக்கு மேல ஏறினா மீத்தேன்கிற எரியுற கேஸை உண்டாக்குற நுண்ணுயிர் வேலையை நிறுத்திடும், தொட்டி புளிச்சுப் போகும். மாட்டுச் சாணத்துல ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன், அதுதான் அம்மோனியாவா மாறுறது) இருபது, இருபத்தஞ்சு பங்கு கரிமம் (கார்பன்) இருக்கும். கோழி எருவுல பத்துப் பங்குகூடத் தேறாது. அதனால கேஸ் வராதுன்னு இல்லை. கிலோவுக்குக் கிலோ பார்த்தா கோழி எருவுலதான் கேஸ் கூடுதல், சாணத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல கிடைக்கும். கூட கரிமம் சேர்க்கணும், தண்ணி தாராளமா விடணும், அவ்வளவுதான்.

எங்களுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்தவங்க இதை ஒரு வார்த்தை சொல்லல. முதல் நாள்ல இருந்தே கோழி எருவை முழுசாக் கொட்டச் சொன்னாங்க. கேஸ் சேர்ந்து தொட்டி மூடி தூக்குச்சு, ஆனா பற்ற வச்சா பிடிக்கல, நுரை பொங்கி வெளியே வழிஞ்சுது, கண்ணு எரியுற நெடி வேற. போன் பண்ணினா "செட் ஆக டைம் எடுக்கும்மா"ன்னு ஒரே பதில், அப்புறம் எடுக்கிறதே இல்லை. ஈ போகணும்னு கடன் வாங்கிக் கட்டினது நாத்தம் பிடிச்ச தொட்டியாகி ஊருக்கு நடுவுல நின்னா எப்படி இருக்கும்? வழி சொன்னது எங்க சின்ன மாமனார். பழைய சாணக் கேஸ்காரர். "எரு போடுறத நிறுத்து தாயி. சாணத்தக் கரைச்சு ஊத்து, தண்ணி விடு, தொட்டியச் சும்மா விடு"ன்னாரு. தெருவுல மாடு வச்சிருக்கிற வீடு ஒவ்வொண்ணாப் போய்ச் சாணம் கேட்டேன். நம்ம மேல கோபத்துல இருந்தவங்கதான், ஆனாலும் கொடுத்தாங்க. நீல நிறத்துல சுடர் நின்னு எரிஞ்ச பிறகு கோழி எருவைக் கொஞ்சம் கொஞ்சமா, வாரம் பார்த்துப் பார்த்துக் கூட்டினோம். இப்போ நாலு பங்கு கோழி எருவுக்கு ஒரு பங்கு சாணம், கூடவே வெட்டின வாழைத்தண்டு. தார் வெட்டின தோட்டத்துல தண்டு சும்மா கிடக்கும். பொடிசா நறுக்கிப் போடணும், நீளமா போட்டா மிதந்து ஆடை கட்டிடும். சாணம் கொடுக்கிற வீட்டுக்காரங்க கேஸ் எடுத்த பிறகு தொட்டியில இருந்து வெளியே வர்ற எருக்கரைசலை, ஸ்லரின்னு சொல்லுவோம், குடத்துல எடுத்துட்டுப் போய் முருங்கைக்கும் வாழைக்கும் ஊத்துறாங்க. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை திரும்பினதே அதுலதான்.

கணக்கு கேட்டிருக்கீங்க. ஒரு கோழி நாளைக்கு 100 கிராம், கொஞ்சம் கூடவும் எரு போடும். 5,000 கோழிக்கு அரை டன். முறையாப் போட்டா 25, 30 கன மீட்டர் கேஸ் எதிர்பார்க்கலாம். சமையல் கேஸா நினைச்சா கிட்டத்தட்ட ஒரு வீட்டு சிலிண்டர், கரண்டா மாத்தினா நாளைக்கு 40 யூனிட் சுமாருக்கு. ஆனா கரண்டா மாத்த எஞ்சின் வேணும். கோழி எரு கேஸ்ல ஹைட்ரஜன் சல்பைடு கூடுதல், அது எஞ்சினை அரிச்சுத் தின்னுடும். நாங்க லேத்துப் பட்டறையில இரும்புச் சீவல் வாங்கி, துருப்பிடிக்க விட்டு, டிரம்முல நிரப்பி அது வழியா கேஸை விடுறோம், ஹைட்ரஜன் சல்பைடைத் துரு பிடிச்சு வச்சுக்கும். அப்படியும் எஞ்சின் வைக்கல. குஞ்சுக் கொட்டகைக்குச் சூடு கொடுக்கவும், வேலையாட்கள் சமையலுக்கும் சரியாப் போயிடுது. முதல் வாரக் குஞ்சுக்கு 33, 34 டிகிரி சூடு வேணும், மார்கழியில ராத்திரி முழுக்க பல்பு எரிச்ச செலவு இப்போ இல்லை. நாமக்கல் பக்கம் மெகாவாட் கணக்குல கோழி எருவுல கரண்ட் எடுத்திருக்காங்கன்னு யாராவது சொல்லுவீங்க. உண்மைதான். அங்கே லட்சக்கணக்குல கோழி, பக்கத்துப் பக்கத்துல பண்ணை. நம்ம சீமையில பண்ணை அங்கொண்ணு இங்கொண்ணு.

தண்ணியையும் யோசிங்க. ஒரு டன் எருவுக்கு ரெண்டு டன் தண்ணிக்குக் குறையாம வேணும். உங்க கோழிங்க குடிக்கிற அளவுக்குத் தொட்டியும் குடிக்கும்னு வச்சுக்கோங்க. வெளியே வர்ற ஸ்லரித் தண்ணியையே திரும்பத் திரும்ப ஊத்தி மிச்சம் பிடிக்கலாம்னு தோணும். அப்படிச் செஞ்சா அம்மோனியா ஏறிக்கிட்டே போகும். பாதிக்கு மேல நல்ல தண்ணிதான் விடணும். எங்க பக்கம் கோடையில போர் தண்ணி இறங்கும்போது எருவைக் குறைச்சுப் போட்டு, மீதியை உடனே காய வச்சிடுறோம்.

நான் எஞ்சினியர் கிடையாது, யாருக்கும் கமிஷனுக்கு ஆள் பிடிக்கவும் இல்லை. நம்பிக்கை இல்லாதவங்க ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலயோ கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலயோ போய் விசாரிச்சுக்கோங்க.

ஒண்ணு மட்டும் இங்கேயே சொல்லிடுறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைன்னாலும். இதே தளத்துல "பண்ணை முட்டை ஊசி போட்ட முட்டை, ஹார்மோன் முட்டை"ன்னு எழுதி ஆயிரம் பேர் கைதட்டுறாங்க. ஐயாயிரம் கோழியைத் தினமும் பிடிச்சு யார் ஊசி போடுறது? நாங்க போடுறது நோய்த் தடுப்பூசி, உங்க பிள்ளைக்குப் போடுறீங்களே அது மாதிரி. வருஷத்துக்கு முந்நூறு முட்டை வர்றது பல தலைமுறையாத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம், சரியான தீவனம், 16 மணி நேர வெளிச்சம், இதனாலதான். அந்த முட்டையைத் தின்னுதான் என் ரெண்டு பிள்ளைங்களும் வளர்ந்தாங்க. ஊருக்கே குறைஞ்ச விலையில புரதம் கொடுக்கிற தொழிலை விஷம் விக்கிற தொழில்னு பேசுறது மனசு ஆறல.

சரி, போடுறதுன்னு முடிவெடுத்தா வீட்டுக்குப் போடுற தீனபந்துங்கிற சின்னக் கேஸ் தொட்டி மாடலைக் காட்டுறவங்களை நம்பாதீங்க. 1984ல வந்த நல்ல மாடல்தான், ஆனா நாலஞ்சு மாட்டுச் சாணத்துக்குக் கணக்குப் பண்ணினது. முட்டைக்கோழித் தீவனத்துல முட்டை ஓடு கெட்டியாக ஷெல் கிரிட்டும் (உடைச்ச கிளிஞ்சல்) சுண்ணாம்புக்கல்லும் கலக்கிறோம், அது எச்சத்துல வந்து தொட்டி அடியில கல்லாட்டம் படியும். இறகு மேல மிதக்கும். அதனால கரைக்கிற தொட்டியிலயே ஒரு ராத்திரி ஊற விட்டு, மிதக்கிற இறகை அள்ளிட்டு, தெளிவா மேல நிக்கிற கரைசலை மட்டும் உள்ளே விடணும், அடிமண்டியைத் தனியா வாரணும். அடைச்சுக்கிச்சுன்னா எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்காதீங்க. விஷவாயு ஒரு மூச்சுல ஆளைச் சாய்ச்சிடும், தூக்கப் போறவரும் சாவார். தொட்டி கட்ட வர்றவர்கிட்ட கிரிட்டை எங்கே பிரிப்பீங்க, ஆள் இறங்காம எப்படிச் சுத்தம் பண்ணுவீங்கன்னு ரெண்டையும் கேளுங்க. படம் போட்டு விளக்கத் தெரியாதவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.