ஆரஞ்சு நிற மாப்பிள்ளை

கே: கேமரா திரையில் பளிச்சென்று தெரிகிற படம், ரா ஃபைலை லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் திறந்ததும் வெளுத்துப்போகிறது. கேமராவை மாற்றித் தருவார்களா? (வாசகர், ஈரோடு)

ப: கேமராவில் கோளாறு இல்லை. பின்திரையில் தெரிவது கேமரா தன் கணக்குக்கு மெருகேற்றிய ஜேபெக். ரா ஃபைல் என்பது சென்சார் பதிந்த மூலத் தரவு; அதில் அந்த மெருகு கிடையாது. லைட்ரூமின் ப்ரொஃபைலில் ‘அடோபி கலர்’ இருக்கும், அதைக் கேமராவின் நிறத்தை ஒட்டிய ‘கேமரா மேட்சிங்’குக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் கம்பெனியே இலவசமாகத் தரும் மென்பொருளில் திறந்து பாருங்கள். நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ ப்ரொஃபெஷனல்.

கே: 999 ரூபாய்க்கு ஆயிரம் ப்ரீசெட் வாங்கினேன். விளம்பரத்தில் தங்கமாக மின்னிய முகம், நான் எடுத்த கல்யாணப் படங்களில் ஆரஞ்சாக வருகிறது. எதைப் போட்டால் சரியாகும்? (வாசகர், மதுரை)

ப: எதையும் போடாதீர்கள். ஆயிரத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதற்குள் அந்தத் தம்பதிக்குப் பிள்ளையே பிறந்துவிடும். ப்ரீசெட் என்பது யாரோ, எந்தக் கேமராவிலோ, எந்த வெயிலிலோ நகர்த்திய ஸ்லைடர்களின் குறிப்பு. உங்கள் மண்டபத்திலோ மேடைக்கு மஞ்சள் விளக்கு, பின்னால் நீல எல்இடி, வீடியோக்காரர் லைட் வேறு. ‘சினிமா கலர்’ என்று நானும் ஒரு தொகுப்புக்குக் காசு அழுதவன்தான்; அந்தப் பணத்துக்கு நல்ல கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டை) வந்திருக்கும்.

வெளிச்சம் மாறும்போதெல்லாம் கிரே கார்டை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுங்கள். பிறகு மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் ஐட்ராப்பரை (வெளிச்சத்தின் நிறச்சாயலை நீக்கும் கருவி) அதன்மேல் வையுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட் தகவல்தான். ராவில் 12 அல்லது 14 என்பதால் தாராளமாகத் திருத்தலாம். அடுத்து எக்ஸ்போஷர், அப்புறம் கான்ட்ராஸ்ட். சாச்சுரேஷன் (நிற அடர்த்தி) கடைசி. முகம் அப்போதும் ஆரஞ்சடித்தால் ஒவ்வொரு நிறத்தையும் தனியாகத் திருத்தும் ஹெச்எஸ்எல்லில் ஆரஞ்சின் சாச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்கி, லூமினன்ஸை (வெளிச்ச அளவை) சற்று ஏற்றுங்கள். அரக்குப் பட்டில் நெசவு தெரியாமல் சிவப்பு அப்பிக் கிடந்தால் ரெட் சேனல் வெட்டுப்படுகிறது, அதாவது சிவப்பு உச்ச எல்லையைத் தொட்டு விவரம் போய்விடுகிறது; அங்கேயும் சாச்சுரேஷனைக் குறைப்பதுதான் வழி.

கே: ‘சிஆர்ஐ 95’ (நிறங்களை நிஜம்போலக் காட்டுவதற்கு நூற்றுக்கு 95 மதிப்பெண்) என்று போட்ட எல்இடி லைட்டை ஆன்லைனில் வாங்கினேன். முகமெல்லாம் பச்சை பாய்கிறது, எவ்வளவு திருத்தியும் போகவில்லை. விற்றவர் பதிலே போடுவதில்லை. (வாசகி, கோவை)

ப: உங்கள் கைவேலையில் குறை இல்லையம்மா. விளக்கின் வெளிச்சத்திலேயே இல்லாத சிவப்பை எந்த மென்பொருளும் கொண்டுவராது. ஒரே முகத்தை வெயிலில் ஒன்று, அந்த லைட்டில் ஒன்று எடுத்து, பில்லோடும் பெட்டியின் படத்தோடும் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. விடாதீர்கள்.

கே: லேப்டாப் பிரைட்னஸை முழுசாக வைத்துத்தான் எடிட் செய்கிறேன். ஆல்பம் கறுத்து வருகிறது. பிரின்ட் போட்ட லேப் மேல் கேஸ் போடலாமா? (வாசகர், திருச்சி)

ப: பளிச்சென்ற திரையை நம்பிப் படத்தை இருட்டாகத் திருத்துவது நீங்கள்தான். முதலில் பிரைட்னஸைப் பாதியாகக் குறையுங்கள்.