ஆறா, இரண்டா? ஆக்சிஜன் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆக்சிஜன்தான். தேர்வு நெருங்குகிறது போல.

கேள்வி: ஆக்சிஜனுக்கு எத்தனை எலக்ட்ரான் கூடுகள்?

இரண்டு. கே கூட்டில் 2, எல் கூட்டில் 6. அணு எண் 8 தெரிந்தால் இதற்குக் கடிதமே வேண்டாம்.

கேள்வி: இணைதிறன் எலக்ட்ரான் 2 என்று கைடில் இருக்கிறது, நீங்கள் 6 என்கிறீர்கள். எது சரி?

ஆறு. ஆறேதான். எத்தனை தடவை எழுதுவது! இரண்டு பெயருமே 'இணைதிறன்' என்று தொடங்கித் தொலைப்பதால் வரும் வினை இது. வெளிக்கூட்டில் இருப்பது 6, அவை இணைதிறன் எலக்ட்ரான்கள். எட்டாக இன்னும் வேண்டியது 2, அது இணைதிறன். நான் விடைத்தாள் திருத்திய காலத்தில், தண்ணீர் மூலக்கூறு வரையச் சொன்னால் ஆக்சிஜனுக்கு இரண்டே புள்ளி வைத்து, இரு பக்கமும் ஹைட்ரஜனை ஒட்டி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டுவிட்டுப் போவார்கள். மீதி நான்கு எங்கே போயின? அந்த நான்கும் இரண்டு ஜோடிகளாக ஒரு பக்கம் உட்கார்ந்து தள்ளுவதால்தான் மூலக்கூறு சுமார் 105 பாகையில் வளைந்து நிற்கிறது. வளையாமல் நேர்கோடாக இருந்தால் தண்ணீருக்கு முனைவுத்தன்மை (ஒரு பக்கம் சற்றே நேர் மின்சுமை, மறுபக்கம் எதிர்) ஏது, உப்பு எப்படிக் கரையும்? ஆறு புள்ளியும் வையுங்கள்.

கேள்வி: 2பி-யில் (எல் கூட்டின் உட்பிரிவு) உள்ள நான்கும் இரண்டு ஜோடிகள்தானே?

இல்லை. தனி அணுவின் 2பி-யில் ஆர்பிட்டால் (எலக்ட்ரான் இருக்கும் இடம், ஒன்றில் அதிகபட்சம் இரண்டு) மூன்று, ஒன்றில் ஜோடி, மற்ற இரண்டில் ஒவ்வொன்று. ஹண்ட் விதியைப் பாருங்கள்: முதலில் ஆளுக்கோர் இடம், பிறகுதான் ஜோடி. அந்த ஜோடிக்குள் நடக்கும் தள்ளுமுள்ளால்தான் நைட்ரஜனைவிட (மோலுக்குச் சுமார் 1400 கிலோஜூல்) ஆக்சிஜனிலிருந்து (1310) எலக்ட்ரானைப் பிடுங்குவது எளிது.

கேள்வி: ஆக்சிஜன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பில் எல்லாம் ஜோடி சேர்ந்துவிடுகிறதே, திரவ ஆக்சிஜன் ஏன் காந்தத்தில் ஒட்டுகிறது?

இதுதான் கேள்வி! புள்ளிப் படம் இங்கே கைவிட்டுவிடும். மூலக்கூறு முழுவதற்கும் சேர்த்து ஆர்பிட்டால் போடும் முறைப்படி, பிணைப்பைத் தளர்த்தும் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்கள் இரண்டில் தனித்தனியாக இரண்டு எலக்ட்ரான்கள் நிற்கின்றன. மைனஸ் 183 டிகிரிக்குக் கீழே குளிர்வித்து வலுவான காந்த முனைகளுக்கு நடுவே ஊற்றினால், வெளிர்நீலத் திரவம் கீழே விழாமல் பாலம் போலத் தொங்கும்.

கேள்வி: ஆக்சைடு அயனி நியானா?

இரண்டு எலக்ட்ரான் கூடுதலாகப் பெற்ற ஆக்சிஜன் அது; எலக்ட்ரான் 10, அமைப்பு நியானுடையது. புரோட்டான் எட்டுதான், ஆகவே அது ஆக்சிஜன்தான்.

கேள்வி: ஆக்சிஜன் பற்றி எல்லாம் அனுப்பவும், அவசரம்.

இதில் கேள்வி எங்கே?