வலையில் விளாசும் சிறுவன் ஆட்டத்தில் தடுமாறுவது ஏன்?

கேள்வி: பள்ளியின் 14 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். வலைப்பயிற்சியில் அருமையாக ஆடும் மாணவர்கள், போட்டியில் நெருக்கடி வந்ததும் கைகால் ஓடாமல் நின்றுவிடுகிறார்கள். ‘பதறாதே’ என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் ‘பதறாதே’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அதைக் கேட்கும் சிறுவன், தான் பதறுவது வெளியே தெரிந்துவிட்டதே என்று மேலும் பதறுவான். எல்லைக்கோட்டிலிருந்து ‘முழங்கையைத் தூக்கு’ என்று கத்துவதும் அப்படித்தான்: பழக்கத்தில் தானாக வந்துகொண்டிருந்த ஆட்டத்தை அவன் யோசித்து ஆடத் தொடங்குகிறான்; வந்துகொண்டிருந்ததும் வராமல் போகிறது.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. வலையில் மூன்று முறை போல்டானாலும் ஸ்டம்பை நிமிர்த்தி வைத்துவிட்டு நான்காவது பந்தை ஆடலாம். போட்டியிலோ ஒரு தவறு செய்தால் மிச்சப் பொழுதை மரத்தடியில் கழிக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அவன் பயிற்சியில் ஒருநாளும் சந்தித்ததே இல்லை. ஆகவே வாரம் ஒரு நாளாவது வலையை விட்டு மைதானத்தின் நடுவே வாருங்கள். இரண்டு ஓவரில் 16 ரன் தேவை, கையில் மூன்று விக்கெட் என்று நிலைமையைச் சொல்லி, ஃபீல்டிங்கைப் பந்துவீசுபவனையே அமைக்கச் சொல்லுங்கள். அவுட்டானவன் பேடைக் கழற்றிவிட வேண்டும். அன்றைக்கு அவனுக்கு மறுபடி பேட்டிங் கிடையாது. தோற்ற அணி மேட்டைச் சுருட்டி வைக்கட்டும். அதற்கு மேல் தண்டனை வேண்டாம். முதல் சில வாரங்கள் ஆட்டம் முன்பைவிட மோசமாகத் தெரியும், அதைக் கண்டு கைவிட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, பந்துகளுக்கு இடைப்பட்ட நேரம். சிறுவர்களைக் கவனித்துப் பாருங்கள்: பவுலர் ஓடி வரத் தொடங்கியிருப்பான், பேட்ஸ்மேனோ போன பந்தை ஏன் தவறவிட்டோம் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பான். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் ஸ்கொயர் லெக் பக்கம், அதாவது பிட்ச்சுக்குப் பக்கவாட்டில், நாலு அடி நடந்து, கிளவுஸ் பட்டையைப் பிரித்து ஒட்டி, மூச்சை நீளமாக வெளியே விட்டு, ஃபீல்டில் இடைவெளி எங்கே என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் பிறகே ஸ்டம்புக்கு முன் அடுத்த பந்தை எதிர்கொள்ள நிற்கப் பழக்குங்கள். இது வலையிலும் ஒவ்வொரு பந்துக்கும் நடக்க வேண்டும். போட்டியன்று மட்டும் சொன்னால் வராது.

2022 அக்டோபர் 23 அன்று மெல்போர்னில், 90,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில், பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்குக் கடைசிப் பந்தில் 2 ரன் தேவைப்பட்டது. முந்தைய பந்தில்தான் தினேஷ் கார்த்திக் ஸ்டம்பிங் ஆகியிருந்தார். புதிதாக இறங்கிய அஸ்வின், முகமது நவாஸ் லெக் பக்கம் வீசிய பந்தைத் தொடாமல் விட்டார், அது வைடாகி ஒரு ரன் கிடைத்தது. அடுத்த பந்தை மிட் ஆஃபுக்கு மேலே தூக்கி அடித்து வெற்றியை முடித்தார். என் மாணவர்களுக்கு அந்தக் கடைசி அடியைவிட, அதற்கு முன்பு அவர் அடிக்காமல் விட்டதையே நான் அதிகம் போட்டுக் காட்டுவது வழக்கம்.

பந்துவீச்சாளர்களுக்கு ஒரு வார்த்தை போதும்: பேட்ஸ்மேனின் காலடியில் விழும் யார்க்கர் பந்தைப் பயிற்சியின் தொடக்கத்தில் அல்ல, கால் சோர்ந்த பிறகு கடைசியில் வீசச் சொல்லுங்கள்.

பெற்றோரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் வண்டியிலேயே விசாரணை நடத்த வேண்டாம் என்று அவர்களிடம் பணிவாகச் சொல்லிவையுங்கள். நீங்களும் மறுநாள் ‘ஏன் அந்த ஷாட்டை ஆடினாய்?’ என்று கேட்காமல், ‘அந்தப் பந்துக்கு முன்பு என்ன முடிவு செய்திருந்தாய்?’ என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால், டக் அவுட் ஆகியிருந்தாலும் அடுத்த போட்டியில் அவனை அதே இடத்தில் இறக்குங்கள்.