அமெரிக்காவில் ஏழை மாணவர்கள் மிகுந்த பள்ளி, மத்திய அரசின் ‘டைட்டில் ஒன்’ நிதியை எல்லா மாணவர்களுக்கும் செலவிட முடியுமா?

முடியும், ஆனால் அதற்குப் பள்ளி ‘முழுப்பள்ளித் திட்ட’த்தின் கீழ் வர வேண்டும். 1965-இல் லிண்டன் ஜான்சன் ஆட்சியில் தொடங்கிய இந்த நிதி, இயல்பாக, படிப்பில் பின்தங்கியவர்களாக அடையாளம் காணப்பட்ட மாணவர்களுக்கே உரியது. அந்த முறையில், இந்த நிதியில் சம்பளம் பெறும் வாசிப்பு ஆசிரியர் பட்டியலில் உள்ள ஐந்து குழந்தைகளைத் தனியே அழைத்துக் கற்பிப்பார். அதே பாடத்தில் தடுமாறும் ஆறாவது குழந்தை, பட்டியலில் பெயர் இல்லாததால், வகுப்பிலேயே இருந்துவிடும். பாதிக்கு மேற்பட்டோர் ஏழைகளாக இருக்கும் பள்ளியில் இப்படிப் பிரிப்பது, என் பார்வையில், கணக்கருக்கு மட்டுமே வசதி.

1978-இல் 75 சதவீதம் ஏழை மாணவர்கள் உள்ள பள்ளிகளுக்கு மட்டும் கிடைத்த, நிதியை எல்லா மாணவர்களுக்கும் செலவிடும் இந்த முழுப்பள்ளித் தளர்வு, 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 40 சதவீதத்துக்கு இறங்கியது. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்கும் குறைவான பள்ளிகளுக்கு மாநிலமே விலக்கு அளிக்கலாம். தேவைகளை முழுமையாக மதிப்பிட்டு, பெற்றோரையும் சேர்த்துத் திட்டம் வகுத்த பள்ளி, ஆலோசகர் நியமனம், ஆசிரியர் பயிற்சி, மழலையர் வகுப்பு ஆகியவற்றுக்கு இந்நிதியைப் பயன்படுத்தலாம்; பிற மத்திய, மாநில நிதிகளோடு ஒன்றாகச் சேர்க்கவும் செய்யலாம். ஆனால் மாநிலமும் பள்ளிகளை நடத்தும் கல்வி மாவட்டமும் வழக்கமாகத் தரவேண்டிய பணத்தை, இந்நிதி வருகிறதே என்று குறைத்துவிட முடியாது.